வாந்தி வருமா என்று கேட்டார்கள்

ஓசூர்
11.4.2024

லதா,

நீ என் நம்பரை பிளாக் பண்ணிப் பதினாறு நாள் ஆகிறது. உன் தம்பி பாஸ்கரன் போனுக்கு அடித்தால், "அக்கா பேசாதாம் மாமா. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுக்கச் சொல்லுது" என்கிறான். சரி என்று மெமோ வாங்கினவன் மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதினதோடு சரி, அப்புறம் நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். சிரிக்காதே.

யுவஸ்ரீக்கு இன்னும் இரண்டு பரீட்சை இருக்கிறது. காலையில் அவளுக்கு ஜடை போட நான் படுகிற பாடு இருக்கிறதே, அய்யோ! நேற்று கோணல் ஜடையோடுதான் போனாள். "அம்மா எப்ப வரும்?" என்று தினமும் கேட்கிறாள். கை சரியானதும் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெயிண்ட் லைனில் உன் இடத்தில் பிரியதர்ஷினியை நிறுத்தியிருக்கிறார்கள். தற்காலிகம்தான். ஜூன் முப்பதுக்குள் பிட்னஸ் தாளோடு வந்தால் உன் கொக்கி உனக்கே என்று லீடர் சொல்லிவிட்டார். கம்பெனி டாக்டர் கையைத் தூக்கச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிவிடு. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல். உனக்குத் தெரியாததா?

அந்தக் கேஸ் ஷீட் விஷயத்தை மட்டும் விட்டுவிடு, லதா. ஆபரேஷன் பண்ணின இடத்தில் போய்ச் சண்டை போட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது? நாளைக்கு அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னதற்காகத்தானே பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாய்? இப்போதும் அதையேதான் சொல்கிறேன். உன் நல்லதுக்குத்தான்.

முனிவேல்


காவேரிப்பட்டினம்
17.4.2024

மாமா,

இது என் கையெழுத்துதான். இடது கை. ஒரு வரி எழுத ஒரு நிமிடம் ஆகிறது. அதனால் சுற்றி வளைக்க மாட்டேன்.

பாஸ்கரன் புகார் எழுதச் சொன்னான். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தேன். உங்களுக்கும் அனுப்புகிறேன், படியுங்கள்.

ஜனவரி 23. பதினோரு வருடம் தலைக்கு மேல் ஓடுகிற கொக்கியில் பாகங்களை மாட்டி மாட்டிக் கிழிந்த வலது தோள் தசைநாரைத் தைத்து எலும்போடு சேர்த்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது, பெல்ட்டிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். மதியம் வார்டில் கண் விழித்தேன். விழித்ததும் வாந்தி. பொழுது சாய்வதற்குள் பதினோரு தடவை. நான் எண்ணினேன். வேறு என்ன வேலை? நர்ஸ் கன்னடக்காரம்மா, "ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆகாது, எல்லார்க்கும் வர்றதுதான்" என்று முதுகைத் தடவிவிட்டுப் போனாள். ஒன்பதாவது தடவை வெறும் பச்சைத் தண்ணீர். பெல்ட் நனைந்துவிட்டது என்று கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள். குடலே வெளியே வருகிற மாதிரி ஒரு குமட்டல். எழுந்து உட்கார, கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்தேன். வலது கையால். தோளுக்குள் ரவிக்கை ஊக்கு தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

நீங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள்.

மார்ச் ஸ்கேனில் தையல் பிய்ந்துவிட்டது என்று வந்ததே, அது அன்றைக்குப் பிய்ந்ததுதான். எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு லிபியா கிருஷ்ணகிரியில் தியேட்டர் நர்ஸாக இருக்கிறாள். "வாந்தி வர்ற ஆளுன்னு முன்னாடியே தெரிஞ்சா தடுக்கறதுக்கு எவ்வளவோ இருக்குதுக்கா. ஷீட்ல எழுதியிருப்பாங்க, வாங்கிப் பாருங்க" என்றாள். காவேரிப்பட்டினம் பஸ் ஏறினால் நான் கையில் எலுமிச்சம்பழத்தோடும் மடியில் பிளாஸ்டிக் பையோடும்தான் உட்காருவேன் என்று கண்டக்டருக்குக்கூடத் தெரியும். டாக்டருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? கோட்டை விட்டது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் எதற்கு ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்? என்ன பயம் உங்களுக்கு?

சுமலதா


ஓசூர்
24.4.2024

லதா,

கடிதம் வந்தது. யுவஸ்ரீக்குப் பரீட்சை முடிந்தது. சனிக்கிழமை பாஸ்கரன் வந்து கூட்டிப்போகட்டும். அவளுடைய மஞ்சள் கவுன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதையும் பையில் வைத்திருக்கிறேன்.

பயமெல்லாம் ஒன்றும் இல்லை. பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷின் படுத்துவிட்டது, இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். பிறகு விவரமாக எழுதுகிறேன். ஷீட் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல். சொல்வாயா?

முனிவேல்


காவேரிப்பட்டினம்
6.5.2024

முனிவேலுக்கு,

ஷீட் வாங்கியாகிவிட்டது. லிபியா வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். எட்டாவது பக்கம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, மயக்க டாக்டர் கேட்டு எழுதினது. நான் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கக் கீழே போயிருந்த நேரம் அது.

பீடி, சிகரெட் பழக்கம்: இல்லை.
பஸ், கார் பயணத்தில் வாந்தி: இல்லை.
முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது வாந்தி: இல்லை.
விவரம் சொன்னவர்: கணவர்.

கீழே உங்கள் கையெழுத்து. வருகைப் பதிவேட்டில் போடுகிற அதே கையெழுத்து, வாலை இழுத்துவிட்டு.

லிபியா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா, "எதாவது தப்பா எழுதியிருப்பாங்கடி" என்றாள்.

யுவஸ்ரீ பிறந்து மூன்றாவது மாதம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி மயக்கம் தெளிந்ததும் இரண்டு நாள் வாந்தி எடுத்தேனே, யார் வாளியைக் கழுவினது? யார் என் தலையைப் பிடித்துக்கொண்டது? அந்த ஆளும் நீங்களும் ஒரே ஆள்தானா?

எழுதுங்கள். பேச்சில் சொன்னால் மாற்றிவிடுவீர்கள்.

சுமலதா


ஓசூர்
10.5.2024

லதா,

ஒரே ஆள்தான்.

எப்படி எழுதினாலும் சாக்குப் போக்காகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். 2011-இல் கம்பெனி மெடிக்கலுக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு தொரப்பள்ளிக்காரன். தலை சுற்றல் உண்டா என்று கேட்டார்கள். "எப்பவாச்சும் சுத்தும் சார்" என்றான் வெள்ளந்தியாக. ஓரமாக நிற்கச் சொன்னார்கள். சாயங்காலம் கேட்டை மூடும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அதற்கப்புறம் யார் எந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான். பிட்ஸ் இருக்கா? இல்லை சார். அலர்ஜி? இல்லை சார். உன்னைச் சேர்த்தபோது உனக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். "எது கேட்டாலும் இல்லைனு சொல்லு, அப்பறம் பாத்துக்கலாம்."

அன்றைக்கு அந்த டாக்டரம்மா தாளோடு வந்தார். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. அதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் பக்கத்துக் கட்டில்காரர், எங்கள் பேரிகைப் பக்கத்து ஆள், லேசாகச் சளி இருக்கிறது என்று சொல்லப்போக, அவர் தேதியைத் தள்ளி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வியெல்லாம் உன்னைத் திருப்பி அனுப்பக் காரணம் தேடுகிற மாதிரியே எனக்குப் பட்டது. வாந்தி வருமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதைக் கேட்டது உன்னைக் காப்பாற்றுவதற்கு என்று சத்தியமாக எனக்குத் தெரியாது, லதா. தாளில் கேட்கிற கேள்வி நமக்கு நல்லது பண்ணும் என்று யார் எப்போது சொன்னார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நீ மூன்றாவது தடவை எடுத்தபோது அந்த டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். "எல்லாருக்கும் போடற ஊசி இவங்களுக்கும் போட்டிருக்குது. இவ்வளவு வரக் கூடாதே. நெஜமா முன்ன இப்படி வந்ததில்லையா?" என்று என்னைத்தான் கேட்டார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நேற்று பொய் சொன்னவன் என்று தெரிந்துவிடுமே என்று இருந்தது. வந்ததில்லை மேடம் என்றேன். அதற்கப்புறம் நீ எட்டுத் தடவை எடுத்தாய். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது அருவருப்பில் இல்லை.

என்னைச் செருப்பால் அடி. ஆனால் வந்து அடி.

முனிவேல்


காவேரிப்பட்டினம்
28.5.2024

முனிவேலுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் டேபிளில் படுக்கவைத்ததும் அதே டாக்டரம்மா குனிந்து, "பஸ்ல போனா வாந்தி வருமாம்மா?" என்று என்னையும் கேட்டார். இல்லை மேடம் என்றேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த பாட்டு எனக்கு நன்றாகவே மனப்பாடம். வருடா வருடம் கம்பெனி செக்கப்பில் "கை, தோள் வலி உண்டா?" என்று கேட்பார்கள். ஜாக்கெட் கொக்கியைப் போட முடியாமல் அழுத வருடத்திலும் இல்லை என்றுதான் சொன்னேன். தோள் கிழிந்ததே அப்படித்தான்.

அந்த ஷீட்டில் என் பெயர்தான் இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் பாஸ்கரனை அனுப்பினேன். உங்கள் பெயர் இருந்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

அதனால் முந்தின நாள் நீங்கள் சொன்ன இல்லையை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது என் வாயிலும் இருந்தது. ஆனால் மூன்றாவது வாந்திக்கும் பதினோராவது வாந்திக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தீர்களே, அதை என்னால் தாண்ட முடியவில்லை. நான் பேச முடியாமல் கிடந்தேன். பேசக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை. உங்கள் மானம் போயிருக்கும், என் கை இருந்திருக்கும்.

புகார் கொடுக்கப்போவதில்லை. யார் மேல் கொடுப்பது?

கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் மறுபடி தைத்துப் பார்க்கிறேன் என்கிறார். நாள் கடந்துவிட்டது, உறுதி சொல்ல முடியாது, ஆனால் திறந்து பார்க்கலாம் என்றார். ஜூன் 20. கை தலைக்கு மேல் போனால்தான் எனக்கு அந்த வேலை. அது போனால் இந்த வயதில் எந்த கேட்டில் என்னை எடுப்பார்கள்?

லிபியா கூட இருப்பாள். நீங்கள் வர வேண்டாம்.

சுமலதா


ஓசூர்
12.6.2024

லதா,

வர வேண்டாம் என்றாய். வரவில்லை. ஆனால் இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதை மயக்க டாக்டரிடம் கொடுத்துவிடு. கிழித்துப் போட்டுவிடாதே.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ வாந்தி எடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. கல்யாணம் முடிந்து பேரிகைக்கு வந்த வேனில், என் பட்டு வேட்டியிலேயே எடுத்தது முதல். யுவஸ்ரீ வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம்வரைக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டு நாள். திருப்பத்தூர் போன காரில் மூன்று இடத்தில். கடைசியில் ஜனவரி 23, பதினோரு தடவை. அதற்குக் கீழே, "முன்பு நான் கொடுத்த விவரம் பொய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மாடி வீட்டில் குடியிருக்கிற அஜித்குமார் ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியன். அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். மயக்கம் தெளிந்ததும் வாந்தி வரக் காரணங்களை விரல் விட்டு எண்ணினான். பெண்ணாக இருப்பது ஒன்று, புகை பிடிக்காதது ஒன்று, வண்டியில் வாந்தி வருவது ஒன்று, வலிக்குப் போடுகிற பெரிய ஊசி ஒன்று. நாலும் இருந்தால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வருமாம். ஆனால் தடுக்கலாமாம். கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கவைத்தால் அந்தப் பெரிய ஊசி அவ்வளவாகத் தேவைப்படாது. வாந்தியைத் தடுக்க ஆரம்பத்திலேயே ஒரு ஊசி, முடிக்கும்போது வேறு ஒன்று. தொண்டை காயக் காயக் கிடக்க வேண்டாம், எந்த நேரம்வரைக்கும் தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள். எழும்போது சட்டென்று எழாதே. "இதெல்லாம் சாதாரணம்ணா. சொன்னாப் போதும், அவங்களே பாத்துக்குவாங்க" என்றான். சொன்னால் போதுமாம்.

லீடரிடம் கெஞ்சினேன். தையல் நின்றால் டிசம்பர்வரைக்கும் உன் இடத்தைப் பேசிப் பார்க்கிறேன் என்றார். நின்றுவிடும். யுவஸ்ரீக்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. டீச்சரிடம் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு வாரம் பொறுப்பார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றுகொள்ளட்டுமா? உள்ளே வர மாட்டேன்.

முனிவேல்


காவேரிப்பட்டினம்
5.7.2024

மாமா,

டீக்கடையில் நீங்கள் நின்றதை லிபியா பார்த்தாளாம். காலையிலிருந்து நின்றீர்களாம். சாப்பிட்டீர்களா என்று தெரியவில்லை.

உங்கள் தாளைக் கொடுத்தேன். டாக்டர் முழுதும் படித்தார். "இப்படி எழுதிக் கொண்டுவந்து குடுத்த ஆளை நான் பாத்ததே இல்லை" என்றார். நீங்கள் சொன்ன அத்தனையும் செய்தார்கள். எல்லாக் கேள்விக்கும் நானும் உள்ளதைச் சொன்னேன். ஆமாம், ஆமாம் என்று சொல்ல எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா?

கண் விழித்ததும் தட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. லிபியா ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தாள், அதுவும் நின்றது. சாயங்காலம்வரைக்கும் ஒரு சொட்டு வாந்தி இல்லை, மாமா. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு சுலபமா இது? அப்போதுதான் அழுதேன். வலிக்கிறதா என்று ஓடி வந்தார்கள்.

பிறகு டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தசை சுருங்கி உள்ளே போய்விட்டதாம். இழுத்துப் பார்த்தார்களாம், எலும்புவரைக்கும் வரவில்லையாம். தைக்க ஒன்றும் இல்லை, சுத்தம் பண்ணி மூடிவிட்டோம் என்றார். அஞ்சு மாதத்துக்கு முன்னால் தைத்தது அப்படியே இருந்திருந்தால் நல்ல கை என்றார். அவர் பாவம், ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

கை இனி மார்புக்கு மேல் எழும்பாது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், பாஸ்கரனோடு போனேன். உங்கள் ஷிப்ட் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கம்பெனி டாக்டர் கேட்டார், "தூக்க முடியுதாம்மா? வலி இருக்குதா?" முடியாது சார், இருக்குது சார் என்றேன். தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வரும்போது லைனில் பிரியதர்ஷினி இரண்டு கையையும் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாக வேகம் வந்திருக்கிறது அவளுக்கு.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். அதுகூட இல்லை. அந்த வீட்டுக்கு வந்தால் தட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்ற உங்கள் முதுகைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்களும் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதற்கு அது நமக்கு?

யுவஸ்ரீயின் டி.சி.யை வாங்கித் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொண்டுவர வேண்டாம். அட்டை போட்ட புத்தகங்களையும் சேர்த்து அனுப்புங்கள், இங்கேயும் அதே புத்தகம்தான்.

அவளுக்கு நான்தான் ஜடை போடுகிறேன். இடது கையால் பின்னுகிறேன், முடிப்பிரியைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். இழுபட்டுக் கண்ணில் தண்ணீர் நிற்கிறது அவளுக்கு. வலிக்குதாடி என்று கேட்டால் இல்லை என்கிறாள்.

சுமலதா